கிளினிக் வாசலில் தயங்கி நிற்கும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி–பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பதின்ம வயதுப் பிள்ளைகளின் பாலியல் நலம், இனப்பெருக்க நலம், அவற்றுக்காகத் தென்னாப்பிரிக்காவில் நம் ஊர்களில் யார் குரல் கொடுப்பது என்ற பொருளையே சுற்றி வந்தன. ஆகவே இரத்த அழுத்தம், சர்க்கரை பற்றிய வழக்கமான கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டுப் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: சிஸ்டர், என் மகள் ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கிறாள்; பதினைந்து வயதுப் பேத்தி என்னோடுதான் வளர்கிறாள். துணி துவைக்கப் போனபோது அவளுடைய பள்ளிச் சட்டைப் பையில் ஒரு கிளினிக் கார்டு இருந்தது. கருத்தடை ஊசி போட்ட தேதியும் அடுத்த ஊசிக்கு வரவேண்டிய தேதியும் அதில் எழுதியிருந்தன. கிளினிக்குக்குப் போய்க் கேட்டால், எதுவும் சொல்ல முடியாது என்று நர்ஸ் திருப்பி அனுப்பிவிட்டார். வளர்த்தவளுக்குச் சொல்லமாட்டார்களா? இது எந்த ஊர் நியாயம்? — ஓர் ஆயா, டோங்காட்

பதில்: ஆயா, வளர்த்த மனம் என்ன பாடுபடும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த நர்ஸ் உங்களை அலட்சியம் செய்யவில்லை. சட்டம் அவர் வாயைக் கட்டியிருக்கிறது. 2005ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தின் 134ஆம் பிரிவின்படி, 12 வயது நிரம்பிய பிள்ளை கேட்டால், தகுந்த ஆலோசனை சொல்லி, உடலைப் பரிசோதித்துப் பார்த்து, பெற்றோர் சம்மதம் இல்லாமலே கருத்தடை முறையைக் கொடுக்கலாம். அந்தச் செய்தி இரகசியமாகக் காக்கப்பட வேண்டும். 12 வயதைத் தாண்டிய பிள்ளை ஆணுறை கேட்டால் விற்கவோ, இலவசமாக வழங்கும் இடத்தில் கொடுக்கவோ யாரும் மறுக்கக் கூடாது. வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் கிளினிக் பக்கமே வராமல் இருந்துவிட்டு, ஐந்து மாத வயிற்றோடு வந்து நின்ற பெண்களை நான் வேலை பார்த்த காலத்தில் கண்டிருக்கிறேன். உங்கள் பேத்தி அப்படி நிற்கவில்லை; தானாகப் போய்த் தன்னைக் காத்துக்கொண்டிருக்கிறாள் என்பதையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

கார்டைப் பற்றி விசாரிப்பதை விட்டுவிட்டு, அந்தப் பையனுக்கு என்ன வயது, அவள் விருப்பத்தோடுதான் பழகுகிறாளா என்ற இரண்டையும் மெதுவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்நாட்டில் பாலுறவுக்குச் சம்மதம் தரும் வயது 16. ஆயினும் 12 முதல் 15 வயது வரையுள்ள இருவர் தாமாக விரும்பிப் பழகினால் இருவரையும் குற்றவாளிகளாக்கிய பழைய விதியை 2013 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாது என்றது; 2015இல் சட்டமும் திருத்தப்பட்டது. மற்றவருக்கு 16 அல்லது 17 வயதாகி, இருவருக்கும் இடையே இரண்டு ஆண்டுக்கு மேல் வித்தியாசம் இல்லாவிட்டாலும் குற்றமில்லை. வேலைக்குப் போகும் இருபத்தைந்து வயது ஆள் என்றால் கதை வேறு. அது குற்றம், தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும், அந்தக் கடமை உங்களுக்கும் உண்டு.

கார்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். மூன்று மாத ஊசிக்குக் கணக்கு 12 வாரம். கார்டு காணாமல் போனால் தேதி தவறும், தேதி தவறினால் பாதுகாப்பும் போகும். ஊசி கர்ப்பத்தைத் தடுக்குமே ஒழிய எச்.ஐ.வி.யைத் தடுக்காது, ஆணுறையும் வேண்டும் என்று அவளுக்குச் சொல்வதற்கு உங்களைவிட உரிமையுள்ளவர் யார்?

கேள்வி: எங்கள் பள்ளி இரண்டரை மணிக்கு விடுகிறது. கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தால், இன்றைய நம்பர் முடிந்துவிட்டது, நாளைக் காலை வா என்கிறார்கள். ஒரு நாள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுக் காலையில் போனேன். கவுண்டரில் இருந்தவர் எல்லோர் காதிலும் விழும்படி, “ஃபேமிலி பிளானிங்கா? உனக்கா?” என்று கேட்டார். பின்னால் எங்கள் தெரு ஆன்ட்டிகள் இரண்டு பேர் நின்றார்கள். பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். என் தோழிகளுக்கும் இதே கதைதான். நாங்கள் என்ன செய்ய முடியும் சிஸ்டர்? — பதினாறு வயது மாணவி, சாட்ஸ்வர்த்

பதில்: உன் கடிதத்தைத்தான் இந்த மாதத்தின் முக்கியமான கடிதமாக நினைக்கிறேன் மகளே. இந்நாட்டில் இளைஞர் நலத்துக்கான சட்டங்களில் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை. அரசாங்கக் கிளினிக்குகளில் அடிப்படை மருத்துவம் 1996 முதல் எல்லோருக்கும் இலவசம். உனக்குள்ள உரிமையை மேலே ஆயாவுக்குச் சொன்ன பதிலில் பார்த்திருப்பாய். அத்தனையும் ஏட்டில் இருக்க, நீ வெறுங்கையோடு திரும்பி வந்ததற்குக் காரணம் ஒரு கடிகாரமும் ஒரு கவுண்டரும். இவற்றை மாற்றப் பாராளுமன்றம் போகவேண்டிய அவசியமில்லை. உங்கள் கிளினிக்கிலேயே மாற்றலாம்.

அவசரத்தை முதலில் பார்ப்போம். வேறு பகுதியிலுள்ள கிளினிக்குக்கும் நீ போகலாம். பாதுகாப்பில்லாமல் உறவு நடந்துவிட்டிருந்தால், அவசரக் கருத்தடை மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் வாங்கலாம். 72 மணி நேரத்துக்குள் எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறாயோ அவ்வளவு பலன். எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் 12 வயது முதல் உன் சம்மதமே போதும்.

இனி அந்தக் கவுண்டர். 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஒருவர் எந்தச் சிகிச்சைக்கு வந்தார் என்பதையும் சேர்த்து எல்லாவற்றையும் இரகசியம் என்கிறது. வெள்ளைச் சீருடை போட்டவருக்கு மட்டும் உரிய விதி இல்லை இது. கோப்பு எடுத்துத் தரும் குமாஸ்தாவையும் கட்டுப்படுத்தும். வரிசைக்கு நடுவில் அவர் அப்படிக் கேட்டது, சிரித்துக்கொண்டே கேட்டிருந்தாலும், தவறுதான்.

அதே சட்டத்தின் 42ஆம் பிரிவு, கிளினிக்குகளுக்குக் கமிட்டி இருக்கவேண்டும், அதற்கு மாகாணச் சட்டம் வழி செய்யவேண்டும் என்கிறது. அந்தக் கமிட்டியில் உள்ளூர் மன்ற உறுப்பினர், கிளினிக்கின் தலைமைப் பொறுப்பாளர், அந்தக் கிளினிக்கைப் பயன்படுத்தும் ஊர்மக்களின் பிரதிநிதி ஆகியோர் இடம்பெற வேண்டும். கோயில் கமிட்டித் தேர்தலுக்கு ஊரே திரண்டு வந்து இரவு பத்து மணி வரை வாதாடுகிற நம்மவர்கள், கிளினிக் கமிட்டியில் ஊர்ப் பிரதிநிதிக்கான நாற்காலி காலியாகக் கிடக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதுகூட இல்லை. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஆகவே நீயும் தோழிகளும் செய்யவேண்டியது, நம்பிக்கையான பெரியவர் ஒருவரைப் பிடிப்பது. அம்மாவாக இருக்கலாம், சித்தியாக இருக்கலாம், ஓய்வுபெற்ற ஆசிரியையாக இருக்கலாம். அவர் கிளினிக் பொறுப்பாளரைப் பார்த்துக் கமிட்டித் தலைவர் யார், அடுத்த கூட்டம் என்றைக்கு என்று கேட்கட்டும். கூட்டத்துக்கு ஒரு பக்கத்தில், தேதி போட்டு, கடிதம் கொடுங்கள். “இளைஞர்களை மதிக்க வேண்டும்” என்று பொதுவாக எழுதினால் எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கோப்பில் போட்டுவிடுவார்கள். வாரத்தில் இரண்டு பிற்பகல், இரண்டரை முதல் நான்கு வரை, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்று எழுதுங்கள். கவுண்டரில் வாயால் கேட்பதற்குப் பதிலாக ஒரு சிறு சீட்டு வைக்கச் சொல்லுங்கள். வருகிறவர் தனக்கு வேண்டியதற்கு எதிரே குறியிட்டு, மடித்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். அதற்கு ஆகும் செலவு காகிதச் செலவு மட்டுமே.

கிளினிக் தரப்பையும் நீ தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அவர்கள் சொல்லப்போகும் மறுப்பு அதுதான். மதியத்துக்குள் நம்பர் கொடுப்பதை நிறுத்துவது சோம்பலால் என்று நினைக்காதே. ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து முடித்து, கோப்புகளை அடுக்கி, அன்றைய கணக்கை எழுதி முடிக்க அவர்களுக்கு அந்த நேரம் வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஐந்து நாளும் கேட்காமல் இரண்டு நாள் கேள் என்கிறேன். தனி நேரம் ஒதுக்குவது அவர்களுக்குப் புதிதும் அன்று. இளைஞருக்கென்று நேரமோ அறையோ வைத்திருக்கும் கிளினிக்குகள் நாட்டில் பல உண்டு.

இன்னொன்று: உள்ளூர் மன்ற உறுப்பினரும் அந்தக் கமிட்டியில் இருக்கிறார் என்றேன் அல்லவா? பதினாறு வயதுக்காரிக்கு ஓட்டு இல்லை, ஆயாக்களுக்கு உண்டு. கடிதத்தில் பத்து ஆயாக்களின் கையெழுத்து இருந்தால் அது வேறு கடிதம். கமிட்டியும் கேட்காவிட்டால் எழுத்துமூலம் புகார் செய்யலாம். நர்ஸ் ஒருவர் அவமதித்தால் தென்னாப்பிரிக்க நர்சிங் கவுன்சிலுக்கும், கிளினிக் நடைமுறையே கோளாறு என்றால் சுகாதாரப் புகார்களை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மன் அலுவலகத்துக்கும் போகலாம்.

கேள்வி: எங்கள் கோயில் இளைஞர் சங்கத்தின் சார்பில் பாலியல் நலம் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடத்த விரும்பினோம். “சுவாமி இருக்கிற இடத்தில் இதையெல்லாம் பேசுவதா?” என்று கமிட்டிப் பெரியவர்கள் மண்டபத்தைத் தர மறுத்துவிட்டார்கள். எப்படிச் சம்மதிக்க வைப்பது? — சங்கச் செயலாளர், பீனிக்ஸ்

பதில்: தம்பி, மண்டபத்துக்காகச் சண்டை போடாதீர்கள். சண்டையில் ஓராண்டு போய்விடும். அதற்குள் உங்கள் சங்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வயது கூடிவிடும். நூலகத்தில் ஓர் அறை கேளுங்கள், சமூக மண்டபத்தைக் கேளுங்கள்.

பெரியவர்களிடம் வேறு வழியாகப் போகலாம் என்பது என் யோசனை. ஆடி மாதக் கஞ்சிப் பூசைக்குத் தாய்மார்கள் திரண்டு வருகிறார்களே, அன்றைக்குப் பத்து நிமிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றி ஒரு நர்ஸைப் பேசச் சொல்லுங்கள். 30 வயது முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை பாப் ஸ்மியர் பரிசோதனை அரசாங்கக் கிளினிக்கில் இலவசம் என்பது அங்கே கூடும் பல பெண்களுக்குப் புதிய செய்தியாக இருக்கும். அதற்கு எந்தத் தலைவரும் மறுப்புச் சொல்லமாட்டார். அடுத்த ஆண்டு அந்தத் தாய்மார்களே, “எங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்” என்று கமிட்டியிடம் கேட்பார்கள். இந்த நாட்டில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைக்காத காலத்தில் தமிழ் வகுப்பு நடத்தி எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவை கோயில்கள்தான் என்பதைப் பெரியவர்களுக்கு மரியாதையோடு ஞாபகப்படுத்துவதிலும் தவறில்லை.

கூட்டம் நடக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. மேடைப் பேச்சாளரைக் கூப்பிடாதீர்கள். அவர் கைத்தட்டல் வாங்கிக்கொண்டு போய்விடுவார். உங்கள் கிளினிக்கிலேயே பணிபுரியும் நர்ஸை அழையுங்கள். பிள்ளைகள் அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு அங்கே போவதற்குக் கூச்சம் பாதியாகும். பெண்களுக்கு ஒரு மணி நேரம், பையன்களுக்கு ஒரு மணி நேரம் தனித்தனியாக, அதன்பின் இருவரையும் சேர்த்து என்று வைத்துக்கொள்ளுங்கள்; முழுவதையும் தனித்தனியாக நடத்தினால் பையன்கள் மாதவிடாயைப் பற்றியும் சம்மதத்தைப் பற்றியும் எதையும் கேட்காமலே வீட்டுக்குப் போய்விடுவார்கள். கேள்விகளைப் பெயரில்லாத சீட்டில் வாங்குங்கள். கேள்வி இல்லாதவரும் ஏதாவது எழுதிப் பெட்டியில் போடவேண்டும் என்று விதி வையுங்கள். அப்போதுதான் எழுதுகிறவர் யார் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்பார்கள். ஆயாக்களுக்காகத் தமிழில் ஒரு பக்கத் துண்டுத்தாள் அச்சடித்துக் கொடுத்தால் வீட்டுப் பேச்சுக்கு அது உதவும்.

சட்டம் சம்பந்தமாக இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பிள்ளைகளோடு பழகும் தொண்டர் ஒவ்வொருவரின் பெயரும் தேசியச் சிறுவர் பாதுகாப்புப் பதிவேட்டின் இரண்டாம் பகுதியிலும் (பிள்ளைகளோடு பணிபுரியத் தகுதியற்றவர்களின் பட்டியல் அது) பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டிலும் இல்லை என்று சரிபார்த்தாக வேண்டும். சொந்த மாமா, தலைவரின் மகன் என்றெல்லாம் பார்க்காதீர்கள். அடுத்து, எந்தப் பிள்ளையிடமும் “நான் யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று சத்தியம் செய்யாதீர்கள். 2007ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்கள் சட்டத்தின் 54ஆம் பிரிவு, ஒரு பிள்ளைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் உடனே போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. மறைத்தால் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. “நீ சொல்வதைக் கவனமாகக் கேட்பேன், உனக்கு ஆபத்து என்றால் உதவக்கூடியவரிடம் சேர்ந்து போய்ச் சொல்வோம்” என்று பேசப் பழகுங்கள். வன்முறை நடந்திருந்தால், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் துத்துசேலா மையத்துக்கு அழைத்துப் போகலாம். உங்கள் ஊர் மகாத்மா காந்தி மருத்துவமனையிலேயே அது இருக்கிறது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும் என்பதால், குடும்பத்தில் கூடிப் பேசி முடிவெடுக்கலாம் என்று யாராவது நாள் கடத்தினால் கேட்காதீர்கள். பிள்ளைகள் தாமே அழைக்கச் சைல்ட்லைன் எண் 116. அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டிவையுங்கள்.

கேள்வி: ஒன்பது வயது மகளுக்குப் பள்ளியில் எச்.பி.வி. தடுப்பூசி போடச் சம்மதப் படிவம் அனுப்பியிருக்கிறார்கள். பாலுறவால் பரவும் கிருமிக்கு இந்த வயதில் ஏன் ஊசி? கையெழுத்துப் போடவில்லை. — ஒரு தந்தை, வெருலம்

பதில்: போட்டுவிடுங்கள் ஐயா. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே இந்தக் கிருமியால் வருவதுதான். அதில் 16, 18 என்ற எண்ணுள்ள இரு வகைகளே பத்தில் ஏழு புற்றுநோய்க்குக் காரணம். கிருமி உடலுக்குள் வந்தபின் போடும் ஊசி பயன் தராது என்பதாலும், சின்ன வயதில் உடல் நன்றாக எதிர்ப்பாற்றல் உண்டாக்கும் என்பதாலும்தான் இந்த வயது. 2014 முதல் அரசாங்கப் பள்ளிகளில் போடப்பட்டு வருகிறது. போலியோ சொட்டு மருந்து கொடுத்தபோது எந்தப் பிள்ளையின் நடத்தையையும் யாரும் சந்தேகிக்கவில்லை. இதிலும் சந்தேகிக்க ஒன்றுமில்லை. மகளுக்கு, புற்றுநோய் வராமலிருக்க ஊசி என்று மட்டும் சொன்னால் போதும். ஒன்பது வயதுக்கு அது முழு உண்மைதான்.

கேள்வி: டர்பன் நகரத்தில் விளக்குக் கம்பந்தோறும் “ஒரே நாளில், வலியில்லாமல் கருக்கலைப்பு” என்று கைபேசி எண்ணோடு சுவரொட்டி. இது சட்டப்படி சரியா? — கடை ஊழியர், டர்பன்

பதில்: கருக்கலைப்பு சட்டப்படி உண்டு, அந்தச் சுவரொட்டிக்காரர்கள்தான் சட்டத்துக்குப் புறம்பானவர்கள். 1996ஆம் ஆண்டின் சட்டப்படி 12 வாரம் வரை பெண் கேட்டாலே போதும். பயிற்சி பெற்ற நர்ஸோ மருத்துவச்சியோ டாக்டரோ, அங்கீகாரம் பெற்ற இடத்தில் செய்வார். அரசாங்க மருத்துவமனையில் இலவசம். 13 முதல் 20 வாரம் வரை, உடல்நலம், பலாத்காரம், குடும்பப் பொருளாதாரம் போன்ற காரணங்களைக் கொண்டு டாக்டர் முடிவு செய்வார். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பெண்ணுக்குப் பெற்றோரிடம் கலந்துபேசும்படி ஆலோசனை சொல்லவேண்டும். அவள் பேச விரும்பவில்லை என்பதற்காக மறுக்கக் கூடாது.

அனுமதியில்லாமல் செய்கிறவருக்குப் பத்து ஆண்டு வரை சிறை. கம்பத்து எண்ணை அழைக்கும் பெண் அவர்கள் கேட்ட பணத்தைக் கொடுப்பாள். கையில் கிடைக்கும் மாத்திரை என்னவென்றே அவளுக்குத் தெரியாது. அப்படி விழுங்கியபின் இரத்தப்போக்கு நிற்காவிட்டால், காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தால், எதற்கும் வெட்கப்படாமல் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். சுவரொட்டிகளைக் கிழிக்க இளைஞர் சங்கங்கள் கிளம்புவது நல்லதுதான், ஆனால் மறுநாள் புதிது ஒட்டிவிடுவார்கள். எந்த மருத்துவமனையில், எந்த நாளில், இலவசமாகச் செய்கிறார்கள் என்று கிளினிக்கில் விசாரித்து அந்தச் செய்தியைப் பெண்கள் கழிப்பறைகளின் கதவுக்குப் பின்னால் ஒட்டினால், தனியாக நின்று படிக்கும்போது யார் கண்ணிலும் படாது.

கேள்வி: இத்தனையும் பெண் பிள்ளைகளுக்குத்தானா? என் மகனுக்குப் பதினைந்து வயது. — ஒரு தாய், லெனேசியா

பதில்: நல்ல கேள்வி, அம்மா. கிளினிக் வரிசைகளில் பையன்களைக் காண்பது அபூர்வம். அவனுக்கும் ஆணுறை இலவசம், பரிசோதனை இலவசம். மருத்துவ முறைப்படி செய்யும் முன்தோல் நீக்கம், ஆணுக்குப் பெண்ணிடமிருந்து எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்தை 60 சதவிகிதம் அளவுக்குக் குறைக்கிறது என்று இந்நாட்டின் ஆரஞ்ச் ஃபார்ம் உள்ளிட்ட ஆப்பிரிக்க ஊர்களில் நடந்த ஆய்வுகள் காட்டின. அது சமயச் சடங்கு என்று நம்மவர்கள் ஒதுங்குவார்கள். செய்வதும் விடுவதும் அவனும் நீங்களும் எடுக்கவேண்டிய முடிவு. அதைச் செய்துகொண்டாலும் ஆணுறை தேவைதான். வீட்டில் அப்பாவோ மாமாவோ அவனிடம் இதைப் பேசட்டும். பேச ஆளில்லாத பையனுக்குக் கைபேசியில் வரும் ஆபாசப் படம்தான் வாத்தியார்.

கேள்வி: பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் பதினேழு வயது மகள் கர்ப்பமாக இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில், மற்ற பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள், குழந்தை பிறந்து ஓராண்டு கழித்து வரட்டும் என்கிறார்கள். — ஒரு தாய், பீட்டர்மரிட்ஸ்பர்க்

பதில்: பள்ளிக்கு அப்படிச் சொல்ல அதிகாரம் இல்லை. ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இரு பள்ளிகள் கர்ப்பிணி மாணவிகளை வீட்டுக்கு அனுப்பும் விதி வைத்திருந்தன. 2013 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த விதிகளை மறுபரிசீலனை செய்யும்படி உத்தரவிட்டது. 2021 டிசம்பரில் கல்வித்துறை வெளியிட்ட மாணவியர் கர்ப்பம் பற்றிய கொள்கையும், கர்ப்பத்தைக் காரணமாகக் காட்டி எந்த மாணவியையும் வெளியேற்றக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. தலைமையாசிரியரிடம் வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பதில் எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள். வாயால் சொன்னதை எழுதித் தரச் சொன்னால் பெரும்பாலும் அங்கேயே விஷயம் முடிந்துவிடும். முடியாவிட்டால் பள்ளி நிர்வாகக் குழுவுக்கும், பிறகு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும், கடைசியாக மனித உரிமை ஆணையத்துக்கும் போங்கள். நிர்வாகக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை; எட்டாம் வகுப்போ அதற்கு மேலோ உள்ள பள்ளிகளில் மாணவர் பிரதிநிதிகளும் உண்டு. அவர்களில் ஒருவரை முன்கூட்டியே பார்த்துப் பேசிவையுங்கள்.

பிரசவத்துக்கு முந்தைய பரிசோதனைகளைத் தள்ளிப் போடாதீர்கள். அவை இலவசம், எச்.ஐ.வி. பரிசோதனையும் அதிலேயே அடங்கும். பிரசவத்துக்குப் பிறகு எந்தத் தேதியில் பள்ளிக்குத் திரும்புவாள், தவறிய தேர்வுகளை எப்போது எழுதுவாள் என்பதை இப்போதே பள்ளியோடு எழுத்தில் பேசி முடித்துவிடுங்கள். குழந்தையின் பிறப்பை 30 நாளுக்குள் உள்துறை அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழ் கையில் இருந்தால் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் குழந்தை உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது எளிது.